துணியை இழுத்த கை

நகல் எடுக்காதே என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படுகிற ஊர் இல்லை எங்கள் கும்மிடிப்பூண்டி. வெள்ளிக்கிழமை வரும் புதுப்படம் சனிக்கிழமை எந்தக் கடையில் கிடைக்கும் என்று போலீஸ்காரருக்கே தெரியும். அந்தப் பொழப்பு வேண்டாம் என்றுதான் நான் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து, கல்யாண வீடியோவும் கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளைகளின் பயோடேட்டாவுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஏழில் ஒரு நாள் கிராம சுகாதார நர்ஸ் ஏஞ்சலின் ஒரு சிடியோடு வந்தார். அதன் மேல் அச்சடித்திருந்ததைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. ‘இதை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கக் கூடாது’ என்று போட்டிருந்தது.

சும்மா கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இன்றைக்குச் சும்மா கொடுப்பார்கள், நாளைக்கு வந்து கழுத்தைப் பிடிப்பார்கள். இதில் என்ன வில்லங்கம் என்று ஏஞ்சலினிடம் கேட்டேன். அவர் சிரித்தார். டாக்டர்கள் சிலர் சேர்ந்து செய்த பாடமாம். கிராம நர்ஸுகளும் அங்கன்வாடிக்காரர்களும் குழந்தைகளின் நோயைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வதற்காகவாம். ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்களாம். “உனுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் பாய், நல்லது செஞ்சாகூட ரசீது கேப்ப” என்றார். காலி சிடிகளை அவரே வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவற்றில் நகல் எழுதிக் கொடுத்தேன்.

எழுதிய ஒவ்வொரு சிடியையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடம் திக்கி நின்றால் மாப்பிள்ளை வீட்டார் கடையை உடைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் அந்தக் குழந்தையைப் பார்த்தேன்.

நாலு மாசக் குழந்தை. சட்டையைத் திறந்துவிட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். முகம் பாதிதான் தெரியும். மார்பு விறுவிறுவென்று ஏறி இறங்குகிறது, விலாவுக்குக் கீழே சதை உள்ளே குழிந்து குழிந்து போகிறது. மூச்சு ஒவ்வொன்றும் தொண்டையில் ஒரு சின்ன முனகலோடு வருகிறது. மூலையில் கடிகாரம் ஓடும். பார்க்கிறவர்கள் ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். அந்த வயசுக் குழந்தைக்கு ஐம்பதைத் தொட்டால் ஆபத்து என்பது பாடம். நிமிடம் முடிகிற நேரத்தில் ஓரத்திலிருந்து ஒரு பெண்ணின் கை வரும். கண்ணாடி வளையல் போட்ட கை. துணியை இழுத்துக் குழந்தையைக் கழுத்து வரை மூடும். அங்கே படம் உறைந்து நிற்கும். கையின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழும், கீழே ‘தவறு’ என்று எழுத்து வரும். மார்பை மூடினால் மூச்சை எண்ண முடியாது, நோயைக் கோட்டை விட்டுவிடுவீர்கள் என்று ஒரு டாக்டரின் குரல் சொல்லும். அவ்வளவுதான்.

ஒரு தடவை பார்த்தால் பாடம். ஒரு பகல் முழுக்க அதையே திரும்பத் திரும்பப் பார்த்தால் அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது. கடையில் அந்த மூச்சுச் சத்தம் நின்றபாடில்லை. விண்ணப்பம் அடிக்க வந்த வீரராகவன் வாத்தியார் உள்பக்கம் எட்டிப் பார்த்து, குழந்தைக்கு இப்படி இழுக்கிறதே, டாக்டரிடம் காட்டாமல் கடையில் போட்டு வைத்திருக்கிறாயே, நீ மனுஷன்தானா என்று என்னைத் திட்டினார். படம் என்று காட்டிய பிறகும் அவர் நம்பாத மாதிரியே நின்றார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன். அணைத்த பிறகும் எனக்குக் கேட்டது. மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயரும்போது நான் வேகவேகமாக மூச்சு விடுகிறேன் என்று என் பொண்டாட்டி மெஹர்னிசா உலுக்கி எழுப்பினாள். எழுந்து உட்கார்ந்ததும் வாய் தானாக எண்ணிக்கொண்டிருந்தது.

அது நல்ல வெயில் காலம். பஜாரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் மத்தியான வேளை. ஏஞ்சலினுக்கு இன்னொரு கட்டு எழுதிக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் கொஞ்சமாக வைத்திருந்தேன். திடீரென்று கரண்ட் போனது. என் யுபிஎஸ் கிழடு, இரண்டு முறை கத்திவிட்டு அதுவும் செத்தது. மின்விசிறி நின்றது, திரை இருண்டது. ஆனால் மூச்சு மட்டும் நிற்கவில்லை. அதே வேகம், அதே முனகல். கரண்ட் இல்லாத கடையில் அந்தக் குழந்தை என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கோபக்காரன் என்று ஊரில் எனக்குப் பெயர். அன்றைக்கு அந்தக் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. வாயில் வந்த ஓதலைக்கூட முழுசாகச் சொல்ல வரவில்லை. கஷ்டப்பட்டுத் திரும்பினேன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை நின்றிருந்தார். சிப்காட் கம்பெனிக் கோட்டு, தலையில் துணித் தொப்பி. இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டே அந்தக் குழந்தையின் மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். அவர் மார்பு அந்த வேகத்துக்கே ஏறி இறங்கியது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் மெல்லத் தன் மூச்சுக்கு வந்தார்.

“அவன் என் புள்ள பாய்” என்றார்.

அவர்தான் விக்டோரியா. அன்றைக்கு அவர் சொன்னதையும் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். பிறந்தது இங்கே பக்கத்தில்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலங்கள் கம்பெனிகளாக மாறியபோது, நட்டவர்களின் பிள்ளைகள் அதே இடத்துக்கு ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். புருஷன் ஜெயராஜுக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. விக்டோரியாவுக்கு மருந்து பாட்டில்களில் லேபிள் ஒட்டும் வேலை. பாட்டில் பாட்டிலாக லேபிள் ஒட்டிய கைக்கு வீட்டில் ஒரு பால் புட்டியைக் கழுவும் பாக்கியம் வரவில்லை என்று ஊரார் பேசிப் பேசி ஓய்ந்த பிறகு, கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு மகன் பிறந்தான். ஞானஸ்நானம் கொடுக்கத் திருவிழாவுக்காகக் காத்திருந்தார்கள். அதுவரை வீட்டில் “சின்னவரே” என்றுதான் கூப்பிட்டார்கள்.

தவமிருந்து பெற்ற பிள்ளை, அதுவும் கொழுகொழுவென்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான். ஆனால் கண் பட்டுவிடும் என்கிற பயத்துக்கு எந்த மதம் குறுக்கே நின்றது? கன்னத்தில் கறுப்புப் பொட்டு, இடுப்பில் கறுப்புக் கயிறு, வெளி ஆள் யார் வந்தாலும் பிள்ளையைக் கழுத்து வரை போர்த்திவிடுவது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே விக்டோரியாவின் கை தானாகத் துணிக்குப் போய்விடும். சளி பிடித்த மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்த்தார். போர்த்திய பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், தூங்குகிறான் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேதான் டாக்டர்கள் கேமராவோடு வந்து, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உதவும், எடுக்கலாமா என்று கேட்டு எடுத்தார்கள். அத்தனை பேர் சுற்றி நின்று பிள்ளையைப் பார்த்ததும் கை பழக்கத்தில் துணியை இழுத்துவிட்டது. அன்று சாயங்காலம் பிள்ளை போய்விட்டான். வீட்டில் அவனுடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. பிறந்த பிள்ளையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று எடுக்காமல் விட்டிருந்தார்கள்.

எட்டு மாசத்துக்குப் பிறகு விக்டோரியா காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் பெரியபாளையம் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றார். பக்கத்து அறையில் நர்ஸுகளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து மகன் மூச்சு விடுவது கேட்டது. பார்ப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டதாம். எந்தத் தாய்க்கும் தெரியும், அதில் அதிசயம் இல்லை என்றார். மாத்திரையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போனார். உள்ளே முப்பது பேர் உட்கார்ந்து அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பாடத்தை எழுதிக் கொடுப்பது என் கடை என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு சிடி எழுதிக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை, வாங்கவும் தோன்றவில்லை. பிறகு வேலை முடிந்து போகும் வழியில் அடிக்கடி வர ஆரம்பித்தார். வந்ததும் கவுன்டரில் கை வைத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார். “இன்னிக்கு எங்க போறான் பாய்?”

முதலில் எனக்கு முதுகு சிலிர்த்தது. பிறகு பழகிப்போனது, அது இன்னும் மோசம். நானும் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இன்றைக்குத் திருநின்றவூர் போகிறான், நாளைக்குப் பள்ளிப்பட்டு. ஒரு தடவை ஆந்திரப் பக்கத்துக்காரர் ஒருவர் சிடி நகல் எடுக்க வந்தார், போட்டுப் பார்த்தால் அதே குழந்தை, டாக்டர் குரல் மட்டும் தெலுங்கு. யாரோ எடுத்து, யாரோ மாற்றி, யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள். விக்டோரியாவிடம் சொன்னேன். தெலுங்குக்காரர்கள் எண்ணும்போது சரியாக வருகிறதா என்று கேட்டார்.

லீவு போட்டுக்கொண்டு பயிற்சி நடக்கும் ஊர்களுக்கெல்லாம் போக ஆரம்பித்தார். கூடத்துக்கு வெளியே ஜன்னலோரம் நிற்பார். உள்ளே படம் ஓடும்போது கூடவே மூச்சு விடுவார். ஏஞ்சலின் ஒரு நாள் என் கடைக்கு வந்து, முகமெல்லாம் வெளுத்துப்போய், பாடம் எடுக்கும்போது அறையில் இரண்டு குழந்தை மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது, புதுப் பெண்கள் எண்ணிக்கையைத் தவற விடுகிறார்கள், ஒருத்தி எழுந்து ஓடியே போய்விட்டாள் என்றார். அது யார் என்று நான் சொன்னேன். அதற்கப்புறம் ஏஞ்சலின் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு வைத்தார்.

ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. கை வரும், சிவப்புக் குறி விழும். பாடம் நடத்துகிறவர்கள், பார்த்தீர்களா இந்த அம்மா பண்ணுகிற காரியத்தை என்பார்கள். உச்சுக்கொட்டுவார்கள். படிக்காத ஜனங்கள் என்று யாராவது சொல்வார்கள். சிலர் சிரிப்பார்கள். ஒவ்வொரு ஊரிலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் விக்டோரியா பஸ் ஏறியிருக்கிறார். வளையல் போடுவதை நிறுத்திவிட்டார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதுகூட யாராவது கையை அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று முந்தானைக்குள் வைத்துக்கொள்வாராம். ஒரு நாள் கடைக்கு வந்தவர், பிள்ளை எங்கே போகிறான் என்று கேட்கவில்லை.

“மாத்தலாம்னு அதுலயே போட்டுருக்குல்ல பாய்? அந்தக் கைய வெட்டிடுங்க.”

முடியாது என்றேன். எரிந்து விழுந்தேன் என்றே சொல்ல வேண்டும். அந்தக் கைதான் பாடம், அதை எடுத்துவிட்டால் நாளைக்கு ஒரு நர்ஸ் போர்த்திய பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள், அப்புறம் யார் பொறுப்பு என்று கத்தினேன். ஏஞ்சலினும் அதையே சொன்னார், கொஞ்சம் பொறுமையாக. விக்டோரியா விடவில்லை. வெட்டிய சிடியை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். எத்தனை ஊர், எத்தனை சிடி, தெலுங்கில் போனதை எப்படிப் பிடிப்பது? பைத்தியக்கார யோசனை. மறுநாளும் வந்து நின்றார். அதற்கு மறுநாளும். கேட்பதுகூட இல்லை, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நிற்பார். வீட்டில் புலம்பினேன். மெஹர்னிசா சோறு போட்டுக்கொண்டே, “வெட்டிக் குட்த்துடு. அந்தப் பொம்பள ஊரெல்லாம் திட்டு வாங்கிக்கினு திரியுது, உனுக்கு இன்னா போவுது?” என்றாள்.

மறுநாள் விக்டோரியாவை வைத்துக்கொண்டே வெட்டினேன். கல்யாண வீடியோவில் வேண்டாத சித்தப்பாக்களை எத்தனை பேரை வெட்டியிருப்பேன், அன்றைக்கு இந்த ஒரு கையை வெட்ட மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. கை உள்ளே நுழைவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினேன். அதற்குப் பிறகு இருந்ததை எல்லாம் எடுத்தேன். டாக்டர் குரல், சிவப்புக் குறி, ‘தவறு’ என்ற எழுத்து, எல்லாம் போய்விட்டது. ஓட்டிக் காட்டினேன். முடிந்ததும் தானாக முதலிலிருந்து ஓடும்படி அந்தக் கம்ப்யூட்டரில் எப்போதும் வைத்திருப்பேன், அதை நிறுத்த மறந்துவிட்டேன்.

பிள்ளை மூச்சு விட்டான். விக்டோரியாவும் கூடவே விட்டார். நிமிடம் முடிந்தது, கை வரவில்லை. படம் ஒரு துடி துடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓடியது. மறுபடி மூச்சு. மறுபடி யாரும் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து. முன்பெல்லாம் ஒரு நிமிடம் பொறுத்தால் ஒரு முடிவு வரும். இப்போது முடிவே இல்லை. திறந்த மார்போடு அவன் அப்படியே கிடந்து இழுத்துக்கொண்டே இருந்தான். பட்டப்பகலில், வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது, என் கடைக்குள் அவன் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. நிறுத்தலாம் என்று கீபோர்டுக்குப் போனேன். அப்போதுதான் விக்டோரியாவைப் பார்த்தேன்.

கை வர வேண்டிய அந்த இடம் வரும்போதெல்லாம் அவருடைய வலது கை முந்தானையிலிருந்து தானாக வெளியே வந்தது. திரையை நோக்கிப் போனது. துணியைத் தேடுகிற மாதிரி விரல்கள் மானிட்டர் கண்ணாடியில் பட்டுத் தடவின. அவருக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை. படம் முதலுக்குப் போனதும் கை இறங்கும். மறுபடி அந்த இடம் வந்ததும் போகும்.

“யாருமே வரல பாய்” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “பாருங்க, இழுத்துக்கினே கெடக்குறான். பக்கத்துல யாருமே இல்ல.”

படத்தை நிறுத்தினேன். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க யுபிஎஸ்ஸைத் திட்டினேன். விக்டோரியா ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு கையைத் திரும்பப் போட்டுவிடச் சொன்னார். பழைய மாதிரியே வைத்துவிடுகிறேன் என்றேன். பழைய மாதிரி வேண்டாம், கை மட்டும் இருக்கட்டும், அந்தச் சிவப்புக் குறியையும் எழுத்தையும் எடுத்துவிடுங்கள் என்றார். அதுதானே பாடம், அந்த இடத்தில் ஏதாவது எழுதியே ஆக வேண்டும் அக்கா, என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

மடியில் கிடந்த தன் வலது கையை அவர் பார்த்தார். “அம்மா கைன்னு எய்துங்க” என்றார். பிறகு, “தொறக்கச் சொல்லிக் கேளுங்கன்னு போடுங்க. என்னை யாரும் கேக்கல பாய். ஊட்டுக்கு வந்த நர்ஸம்மாவும் கேக்கல, நானாத் தொறக்கவும் தெரியல. கேட்டிருந்தா தொறந்திருப்பேன்.”

அப்படியே அடித்தேன். ‘இது இவனுடைய அம்மாவின் கை. துணியைத் திறந்து காட்டச் சொல்லி அவரைக் கேளுங்கள்.’ ஓட்டிப் பார்த்தோம். நிமிடம் முடிந்தது, கை வந்தது, போர்த்தியது. இந்த முறை விக்டோரியாவின் கை மடியிலேயே இருந்தது.